ஐந்து நிமிட மணி: செய்முறைத் தேர்வைச் செவிலிய மாணவிகள் எப்படிப் பார்க்கிறார்கள்?

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தெரு. வீட்டுத் திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தன் பையை வைத்தாள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பையிலிருந்து முதலில் சோப்பும் துண்டும்தான் வெளியே வந்தன. கை கழுவிய பிறகே மற்றப் பொருள்களைத் தொட வேண்டும். பயன்படுத்தியவற்றைச் சுத்தம் செய்யாமல் பைக்குள் வைக்கக் கூடாது. செய்தித்தாளின் தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ‘பேக் டெக்னிக்’ என்று பெயர். சமுதாய நலச் செவிலியப் பாடத்தில் எல்லோரும் முதலில் கற்பது இதைத்தான். பயிற்றுநர் ஒருவர் கையில் மதிப்பெண் தாளோடு வாசற்படியருகே நின்றிருந்தார். செவிலியப் பயிற்றுநராகப் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னையும் உடன் அழைத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்த மூதாட்டிக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இளமையில் கல்லுடைத்தவர், உள்ளங்கை இன்னும் காய்த்துத்தான் இருக்கிறது. மாணவி கருவியை எடுத்துவைத்துவிட்டு, “அப்பத்தா, காப்பி ஏதும் குடிச்சீங்களா?” என்று கேட்டாள். “காப்பி எங்க தாயி, தண்ணிக் கொடத்தோட இப்பத்தான் உள்ள வர்றேன்” என்றார் மூதாட்டி. மாணவியின் கை நின்றது. பயிற்றுநரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “அப்பச் செத்த நேரம் செவுத்துல சாஞ்சு பேசாம உக்காருங்க. காலைக் கீழ நல்லா ஊனிக்கங்க. அப்புறம் பாக்கலாம்” என்றாள். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

மாணவி செய்தது முற்றிலும் சரி. அழுத்தம் பார்க்கும் முன் குறைந்தது ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். குடம் சுமந்து வந்த மூச்சோடு பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டிவிட்டால் பாதிக்கப்படுவது அந்த அப்பத்தாதான். ஆனால் பயிற்றுநரின் தாளில் பட்டையை எங்கே சுற்றுவது, நாடியைத் தொட்டுப் பார்ப்பது, காற்றை எவ்வளவு வேகத்தில் இறக்குவது என்றெல்லாம் வரிகள் இருந்தனவே தவிர, காத்திருந்ததற்கு ஒரு வரியும் இல்லை. திரும்பும் வழியில் அந்தப் பெண் சொன்னாள்: “மேம், அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு உசுரே போச்சு. நேரத்த வீணாக்குறேன்னு மார்க்கக் கொறச்சிருவாங்களோன்னு நெனச்சேன்.”

சரியாகச் செய்த ஒரு பெண் ஏன் பயந்தாள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

தமிழ்நாட்டில் செவிலியக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. 1946இல் அங்கேயே பட்டப்படிப்பும் வந்தது. அதே ஆண்டு டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. நாட்டில் இந்த இரண்டுமே முன்னோடிகள். செவிலியரைப் பதிவு செய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1926ஆம் ஆண்டையது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியச் செவிலியர் மன்றம் உருவானது. இத்தனை ஆண்டுகளில் பாடங்கள் பலமுறை மாறின. செய்முறைத் தேர்வின் அடிப்படை மட்டும் வெகுகாலம் மாறவே இல்லை.

அந்தப் பழைய முறையைத் தமிழ்நாட்டில் நர்சிங் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தேர்வன்று காலை வார்டில் ஒரு நோயாளி ஒதுக்கப்படுவார். அவருக்குப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். பிறகு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வருகிற ‘புரொசீஜரை’ அகத் தேர்வாளர், புறத் தேர்வாளர் இருவர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். அதற்குமேல் வாய்மொழிக் கேள்விகள். ‘எக்ஸ்டர்னல் யாரு?’ என்பதுதான் தேர்வுக்கு முந்தைய இரவு விடுதி முழுக்க ஒலிக்கும் கேள்வி. பாடத்தைவிடப் புறத் தேர்வாளரின் குணத்தைத்தான் மாணவிகள் அதிகம் படிப்பார்கள்.

என் சீட்டில் வந்தது நோயாளி படுத்திருக்கும்போதே கட்டில் விரிப்பை மாற்றுவது. முந்தைய நாளே பலமுறை பழகியதுதான். என் தோழிக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்துவது வந்தது. அவள் கை நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன், அவள் விளிம்பில் தேறினாள். சீட்டு மாறி வந்திருந்தால் மதிப்பெண்ணும் மாறியிருக்கும். வேலையில் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் ஒரு மூத்த செவிலியர் சொல்லி எனக்கு ஒன்று தெரிந்தது: விரிப்பு மாற்றும்போது கட்டிலின் சக்கரப் பூட்டைப் போடுவதே என்னிடம் இல்லாத பழக்கமாக இருந்தது. தேர்வில் என்னைப் பார்த்தவர்கள் அதைக் கவனித்தார்களா, கவனித்தும் விட்டுவிட்டார்களா, தெரியாது. எனக்குச் சொல்லவில்லை. எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை, அன்று எல்லா இடத்திலும் வழக்கம் அதுதான்.

இந்தச் சீட்டு அதிர்ஷ்டத்தை ஒழிக்க வேண்டும் என்று மருத்துவக் கல்வியில் முனைந்தவர் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டன். அவரும் சக ஆசிரியர்களும் 1975இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு புதிய தேர்வு முறையை வெளியிட்டார்கள். மாணவர் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்வதற்குப் பதிலாகப் பல ‘நிலையங்கள்’ வழியாகச் சுற்றி வருவார். ஒன்றில் நோயாளியிடம் விசாரிக்க வேண்டும், இன்னொன்றில் உடலைப் பரிசோதிக்க வேண்டும், அடுத்ததில் தான் கண்டதைப் பற்றிய கேள்விக்கு எழுதிப் பதில் தர வேண்டும். மணி அடித்தால் அடுத்த நிலையம். எல்லோருக்கும் அதே நிலையங்கள், அதே நேரம், முன்பே எழுதி வைத்த அதே மதிப்பெண் பட்டியல். மாணவிகள் வாயில் இன்று ‘ஆஸ்கி’ என்று புழங்குவது இதுதான்.

இந்தியாவில் இந்த எண்ணத்தை ஆய்வுக்கூடத்துக்குப் பொருத்தியவர்கள் டெல்லி எய்ம்ஸ் உடலியங்கியல் துறை ஆசிரியர்கள். அவர்களுடைய கட்டுரை 1986இல் வந்தது. அரசு மருத்துவமனைச் செவிலியர்களிடம் இது பரவியது பிறகுதான். பிரசவ அறையில் வேலை செய்கிறவர்களுக்காக மத்திய அரசு 2013இல் திறன் ஆய்வகங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது; அங்கே பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆஸ்கி வழியாகத்தான் அளக்கிறார்கள். பிறகு இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் கொண்டுவந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் பருவ முறைக்கு மாறியது. ஆஸ்கிக்கும், நோயாளியின் அருகில் நேரடியாகக் கவனித்து மதிப்பிடும் செய்முறைக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் அளவில் பெரிய தாவல் நடந்திருக்கிறது.

மாணவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? உலகில் பல இடங்களில் கேட்டிருக்கிறார்கள். ஜமைக்காவில் மேற்கிந்தியப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடம் கேட்ட ஆய்வு 2004இல் வந்தது. அயர்லாந்தில் செவிலிய மாணவர்களிடம் கேட்ட பிராஸ்னன் குழுவின் ஆய்வு 2006இல் வந்தது. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே குரல்: மன அழுத்தம் தருகிற தேர்வுதான், ஆனாலும் நியாயமான தேர்வு. வார்டுக்குப் போகும் முன் தன்னம்பிக்கை கூடியதாகவும் அயர்லாந்து மாணவர்கள் சொன்னார்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் கியோம் அலினியே மதிப்பெண்ணே போடாமல் பயிற்சிக்காக மட்டும் ஆஸ்கி நடத்திப் பார்த்தார். 2003இல் வந்த அவருடைய கட்டுரையில் மாணவர்களும் ஆசிரியர்களும் அதை விரும்பியது தெரிகிறது. தேர்ச்சியும் தோல்வியும் இல்லாதபோது அதே மணியும் அதே நிலையங்களும் பாடமாகிவிட்டன.

நம் ஊர் மாணவிகள் சொல்வதை நான் கணக்கெடுப்பாகத் திரட்டவில்லை. பயிற்றுநராக இருந்த ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் விடுதி வராந்தாவிலும் புதுக்கோட்டை பேருந்திலும் கேட்ட பேச்சு அது. அதில் முதலில் வருவது பயம். மணிச் சத்தம் பிடிக்கவில்லை என்பார்கள். முதல் நிலையத்தில் தடுமாறினால் அந்த நினைப்பு நான்காம் நிலையம் வரைக்கும் கூடவே வருகிறது என்பார்கள். ‘மேம் முகத்தைப் பாத்தா எல்லாம் மறந்துருது’ என்பார்கள். மேம் சிரித்தால் சரியாகச் செய்கிறோம், புருவம் சுருங்கினால் எங்கேயோ தப்பு என்று முகத்தைப் படித்தபடியே கைவேலை செய்கிறார்கள். தேர்வாளர் முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டக் கூடாது என்பது ஆஸ்கியின் எழுதப்படாத விதி. அந்த வெற்று முகத்தையும் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள் நம் பிள்ளைகள்.

ஆனால் அதே மாணவிகளிடம், “பழையபடி சீட்டு முறையே இருக்கட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்கிறார்கள். “எல்லாருக்கும் ஒரே கேள்வி மேம், அதுல ஓரவஞ்சனை இல்ல” என்று ஒருத்தி சொன்னாள். பயத்தைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் நியாயத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். எளிதான தேர்வு வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. பெரியவர்களாகிய நாம்தான் மாணவர்களின் குறையைச் சோம்பலின் புலம்பலாக எடுத்துக்கொள்கிறோம்.

அவர்களுடைய இரண்டாவது குறை, பெயருக்கு நடக்கும் ஆஸ்கி. இதை ஒரு சின்னக் கணக்கு விளக்கும். ஒரு நாளைக்கு 20 பேருக்கு மேல் செய்முறைத் தேர்வு கூடாது, அகத் தேர்வாளரும் புறத் தேர்வாளரும் சேர்ந்தே மதிப்பிட வேண்டும் என்பது விதி. உணவு நேரம் போக ஆறு மணி நேரம் தேர்வு நடந்தால் பழைய முறையில் ஒருத்திக்குக் கிடைப்பது 18 நிமிடம். ஐந்து நிமிடம் வீதம் பத்து நிலையம் வைத்தால் ஒரே சுற்றில் பத்துப் பேர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்; 20 பேருக்கு இரண்டு மணி நேரம் போதும். நேரம் மிச்சம்தான். ஆனால் பத்து நிலையங்களில் ஆறு கைவேலை நிலையங்கள் என்றால் ஆறிலும் ஒரே நேரத்தில் ஆறு பேர் நின்று பார்க்க வேண்டும். இருப்பது இரண்டு தேர்வாளர். ஆகவே பல இடங்களில் நிலையங்கள் மூன்று நான்காகச் சுருங்கிவிடுகின்றன. மீதி நிலையங்களில் ஒரு கருவியை வைத்து ‘இது என்ன?’ என்று எழுதச் சொல்கிறார்கள்.

நிலையங்கள் குறைந்தால் தேர்வின் நம்பகத்தன்மையும் குறையும். நெதர்லாந்தின் வான் டெர் ஃப்ளூட்டனும் அமெரிக்காவின் ஸ்வான்சனும் 1990இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. ஒரு வேலையை நன்றாகச் செய்பவர் அடுத்த வேலையையும் நன்றாகச் செய்வார் என்று சொல்ல முடியாது. ஊசி போடுவதில் கெட்டிக்காரி காயத்துக்குக் கட்டுப் போடுவதில் தடுமாறலாம். பல மாதிரிகளைப் பார்த்தால்தான் ஆள் தெரியும். மூன்று நிலைய ஆஸ்கி, மூன்று சீட்டு எடுப்பதற்குச் சமம். அதற்கு ஆஸ்கி என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எழுதிப் பதில் தரும் நிலையமே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி, அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42. இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியருக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். மணி அடிக்கப்போகிறது என்கிற நெருக்கடியில் இதைப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனைதான். மாணவிகளும் இதைக் குறை சொல்வதில்லை.

மூன்றாவது குறை டம்மி. மேனிகின் பொம்மையை அப்படித்தான் அழைக்கிறார்கள். “டம்மிகிட்ட, ‘வணக்கம்மா, நான் உங்களுக்கு ஊசி போடப்போறேன்’னு பேசணும். பேசலேன்னா அந்த மார்க் போச்சு. ஆனா அது பதில் பேசாதே மேம்.” பொம்மையின் கையில் இறுக்கமான ரவிக்கை இல்லை, நார்த்தாமலை அப்பத்தாவின் கையில் இருக்கிறது. அதைச் சுருட்டி மேலே ஏற்றினால் இன்னும் இறுகும், துணிக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் அளவு பிசகும். கூடத்தில் நாலு பேர் இருக்கையில் கதவை ஒருக்களித்து, கொக்கியை ஒன்று தளர்த்திக்கொள்ளச் சொல்லிக் கேட்பதும் செவிலியத் திறன்தான். எந்தப் பொம்மை அதைச் சோதிக்கும்?

இதற்கு மருத்துவக் கல்வி என்றோ விடை கண்டுவிட்டது. 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்கும் ஒருவரைப் பயிற்றுவித்து மாணவர்கள் முன் உட்கார வைத்தார். ஒரே நோயை ஒரே மாதிரி எத்தனை பேரிடமும் நடித்துக் காட்டலாம், உண்மை நோயாளிக்கும் தொல்லை இல்லை. நம் ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்களில் பேச்சும் கூர்மையும் உள்ள பெண்கள் எத்தனை பேர்! இரண்டு நாள் பயிற்சியும் ஒரு நாள் ஊதியமும் கொடுத்தால் சர்க்கரை நோயாளியாகவும், மாத்திரையைப் பாதியில் நிறுத்திய அத்தையாகவும், முதல் பிரசவத்துக்குப் பயந்த மருமகளாகவும் அவர்கள் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். பொம்மையை வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை.

நான்காவது குறைதான் என்னை அதிகம் வருத்துவது: மொழி. பாடம் ஆங்கிலத்தில், தேர்வு ஆங்கிலத்தில் என்பதை ஏற்றுக்கொண்டாலும், நோயாளிக்கு விளக்கம் சொல்லும் பகுதியையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்க எதிர்பார்க்கும் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். குளத்தூர் வட்டத்துக் கிராமத்திலிருந்து தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பெண் அந்த ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறாள். இடையில் ஒரு சொல் மறந்தால் அத்தோடு கையும் நின்றுவிடுகிறது. தேர்வாளர் தாளில் ‘விளக்கம் போதவில்லை’ என்று விழுகிறது. அதே பெண்ணை நார்த்தாமலைத் திண்ணையில் பார்த்தேன். ‘காலைக் கீழ நல்லா ஊனிக்கங்க’ என்று அவள் சொன்னதில் எது போதவில்லை? எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அப்பத்தாவுக்கு முழுசாகப் புரிந்தது. நோயாளியிடம் பேசும் திறனை நோயாளியின் மொழியில்தான் அளக்க முடியும். தமிழ்நாட்டில் நடக்கும் தேர்வில் நோயாளியோடு பேசும் நிலையம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். இந்தியாவில் பயின்ற செவிலியர் பிரிட்டனில் பதிவு பெறக் கணினித் தேர்விலும் ஆஸ்கியிலும் தேறியாக வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து அந்த ஆஸ்கியில் பத்து நிலையங்கள். அங்கே ஆங்கில நோயாளியோடு ஆங்கிலத்தில் பேசுவதைச் சோதிப்பது நியாயம். அதே நியாயம்தான் இங்கே தமிழையும் கேட்கிறது. உள்ளூர் அரசு வேலைக்கோ மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைத்து எடுக்கிறது. பிரிட்டன் நம் செவிலியரின் கையைப் பார்த்துச் சேர்க்கிறது, நாம் விடைத்தாளைப் பார்த்துச் சேர்க்கிறோம். அப்படியிருக்க, கல்லூரிச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் இங்குள்ள நோயாளிக்கு இருக்கும் காவல். அதை ஒப்புக்கு நடத்தினால் கையைப் பார்க்க வேறு யாரும் இல்லை.

இனி, மதிப்பெண் பட்டியல். ஹார்டனின் முறை பட்டியலை நம்பியது. நியாயமும் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் 1999இல் கனடாவின் டொராண்டோவில் பிரையன் ஹாட்ஜஸ் குழு மனநலப் பிரிவு ஆஸ்கியில் மாணவர், பயிற்சி மருத்துவர், அனுபவமுள்ள குடும்ப மருத்துவர் மூவரையும் ஒரே நிலையங்களில் உட்கார வைத்தது. அனுபவம் கூடியும் பட்டியல் மதிப்பெண் கூடவில்லை, அனுபவசாலிகள்தான் அதில் பின்தங்கினார்கள். முழுமையாகப் பார்த்து ‘எப்படிச் செய்தார்?’ என்று தேர்வாளர் போட்ட மதிப்பீட்டில்தான் அவர்கள் மேலே வந்தார்கள். தேர்ந்தவர் எல்லாப் படிகளையும் ஒப்பிப்பதில்லை. எது இப்போது தேவை என்று பார்த்துச் செய்கிறார். திண்ணையில் காத்திருந்த பெண்ணும் அதைத்தான் செய்தாள். பட்டியலை எறிந்துவிட வேண்டியதில்லை, அதன் அடியில் ‘நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவெடுத்தாரா?’ என்று ஒரு வரி சேர்த்து அதற்கு நல்ல எடை கொடுத்தால் போதும்.

ஜார்ஜ் மில்லர் 1990இல் திறனை நான்கு படியாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. ஆஸ்கி எவ்வளவு நன்றாக நடந்தாலும் மூன்றாம் படியில்தான் நிற்கும். அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். ஆஸ்கியில் நிலையம் முழுவதற்குமே கிடைப்பது பெரும்பாலும் ஐந்து நிமிடம்! அங்கே காத்திருக்கிறவள் மணி அடித்ததும் வெறும் தாளோடு வெளியேற வேண்டியதுதான். அதனால்தான் நோயாளியின் அருகில், வீட்டில், வார்டில் நேரடியாகப் பார்த்து மதிப்பிடுவதைப் புதிய பாடத்திட்டம் ஆஸ்கியோடு சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பகுதி பழைய சீட்டு முறையாகவே மறுபடி ஆகிவிடாமல் பார்ப்பது கல்லூரிகளின் பொறுப்பு.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டாமல் விடுவது போலவே, தோற்க வேண்டியவரைத் தோற்கடிக்காமல் விடுவதும் நடக்கிறது. ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி 2003இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சிக் களத்தில் வழிகாட்டும் செவிலியர்கள் தகுதி குறைந்த மாணவர்களைத் தோல்வி என்று எழுதத் தயங்கியதைக் காட்டியது. இரக்கம், தயக்கம், இன்னொரு வாய்ப்பு கொடுப்போமே என்கிற எண்ணம். நம்மிடமும் இது உண்டு. ‘பாவம், தூரத்திலிருந்து வந்து படிக்குது’ என்று நானே மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்தப் பெண் பிறகு யாருக்கு ஊசி போட்டாள் என்று நினைத்துப் பார்க்க இன்றும் மனம் ஒப்பவில்லை. மாணவிகளே இந்த இரக்கத்தை மதிப்பதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. உழைத்துப் பழகியவளுக்கும் பழகாதவளுக்கும் ஒரே மதிப்பெண் வந்தால், உழைத்தவள் அடுத்த முறை ஏன் விடியற்காலை திறன் ஆய்வகத்துக்குப் போவாள்?

மாணவிகள் சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கோரிக்கை: ‘எங்க தப்புன்னு சொல்லுங்க.’ தேர்வு முடிகிறது, புறத் தேர்வாளர் புறப்படுகிறார், தாள்கள் உறையில் போகின்றன, பின்னர் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணிலிருந்து அவள் எதைத் திருத்திக்கொள்வாள்? பல்கலைக்கழகத் தேர்வில் மதிப்பெண்ணைச் சொல்ல முடியாது என்பது சரி. பருவத்துக்குள் நடக்கும் ஆஸ்கியில் என்ன தடை? மணி அடிக்கும் முன் கடைசி ஒரு நிமிடத்தை ஒதுக்கி, ‘பட்டையை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே சுற்று, நீ மடிப்பின்மீதே சுற்றிவிட்டாய்’ என்று சொல்லிவிடலாம். எனக்கு யாராவது கட்டில் சக்கரத்தை அன்றே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இது கல்லூரிச் சுவருக்குள் முடிகிற விஷயம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் அளவெடுக்கிறார்கள். செவிலியர்கள் அவர்களோடு இயங்குகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவிக்குக் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்து எழுதுகிறவர் கிராம சுகாதாரச் செவிலியர். முத்துலட்சுமி அம்மையார் பிறந்த புதுக்கோட்டைச் சீமையில், கர்ப்ப கால இரத்த அழுத்தத்தைத் தவறாகப் பார்த்ததால் ஒரு தாய்க்கு ஆபத்து வரலாம் என்பதை எந்த மாணவிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எப்படிச் சரியாகப் பார்ப்பது என்பதை அவளுக்குக் கற்றுத் தந்தோமா, கற்றதைச் சரியாக அளந்தோமா என்பதுதான் கேள்வி.

செவிலியக் கல்லூரி முதல்வர்களுக்கும் சக பயிற்றுநர்களுக்கும் என் வேண்டுகோள் இது. இந்தப் பருவத்து ஆஸ்கி முடிந்த அன்று மாலையே மாணவிகளை உட்கார வைத்து, எந்த நிலையம் நியாயமாக இருந்தது, எது இல்லை என்று தமிழில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருத்தியிடமும் அவள் எங்கே தவறினாள், எங்கே சரியாகச் செய்தாள் என்று சொல்லுங்கள். நார்த்தாமலையில் ஐந்து நிமிடம் காத்திருந்த பெண்ணிடம், ‘நீ செய்ததுதான் சரி’ என்று அன்று பேருந்து நிறுத்தத்தில் நான் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியது மதிப்பெண் தாள்.